நோணாங்குப்பம்: படகுத்துறையில் ஒரு பிஎச்.டி கணக்கு!

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நோணாங்குப்பத்தில் கடலூர் சாலையைக் கடப்பது லேசான காரியம் அல்ல. புதுச்சேரியிலிருந்து கடலூர் போகும் பஸ்கள் ஒருபக்கம், சென்னை, பெங்களூரு பதிவெண்களோடு வரும் கார்கள் இன்னொரு பக்கம். எல்லோரும் தேடி வருவது ஒரே இடத்தை: சுண்ணாம்பாறு படகுக் குழாம். டிக்கெட் கவுன்டரில் வரிசை, கையில் தொப்பி, தோளில் துண்டு, 'படகு எப்போ கிளம்பும்?' என்று நச்சரிக்கும் குழந்தைகள்.

அந்தக் கூட்டத்தில் இரண்டு பேர் மட்டும் கொஞ்சம் வித்தியாசமாக நின்றிருந்தார்கள். ஒருவர் கையில் பிளாஸ்டிக் ஃபைல். உள்ளே எம்.காம். சான்றிதழ்கள், ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் பிஎச்.டி சேர்க்கைக் கடிதம். கடிதத்தின் கடைசி வரியில் தடித்த எழுத்தில் ஒரு கெடு: புதன்கிழமைக்குள் முதல் தவணைக் கட்டணம்.

இவர் நோணாங்குப்பத்திலேயே பிறந்து வளர்ந்தவர். அம்மா, கடலூர் சாலை ஓரத்தில் டீயும் பஜ்ஜியும் போடுகிறார். அப்பா, புதுச்சேரி நகரத்தில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறார். பக்கத்தில் நிற்பவர் பெரியம்மா மகள். நிதியியலில் பிஎச்.டி முடித்து, வெளியூரில் ஒரு நிர்வாகக் கல்லூரியில் பாடம் எடுப்பவர். பெயர் வேண்டாம் என்று இருவருமே சொன்னதால் அக்கா, தங்கை என்றே வைத்துக்கொள்வோம்.

"வீட்டுல பேசினா பெரியம்மா, சித்தப்பான்னு ஆளாளுக்குக் கருத்து சொல்வாங்க. வா, படகுல போய்ப் பேசலாம்" என்றார் அக்கா.

இரண்டாகப் பிரியும் ஆறு

செஞ்சிப் பக்கத்து மலைகளில் பிறந்து வரும் ஆற்றுக்கு சங்கராபரணி என்று பெயர். செஞ்சி ஆறு என்றும் சொல்வார்கள். கடலை நெருங்கும்போது அது இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை அரியாங்குப்பம் ஆறு, மற்றது சுண்ணாம்பாறு. அந்தச் சுண்ணாம்பாற்றின் கரையில்தான் நோணாங்குப்பம் இருக்கிறது. புதுச்சேரி பஸ் நிலையத்திலிருந்து தெற்கே சுமார் 8 கி.மீ. முதலியார்பேட்டை, முருங்கப்பாக்கம், அரியாங்குப்பம் தாண்டினால் நோணாங்குப்பம். பாலத்தைக் கடந்தால் தவளக்குப்பம்.

படகுக் குழாமை நடத்துவது புதுச்சேரி சுற்றுலா வளர்ச்சிக் கழகம். பெடல் படகு, மோட்டார் படகு என்று பலவகை உண்டு. ஆனால், பெரும்பாலானவர்கள் ஏறுவது பாரடைஸ் பீச் போகும் பெரிய படகில். சுமார் 20 நிமிடப் பயணம். ஒரு கரையில் தென்னை, இன்னொரு கரையில் தண்ணீருக்குள் வேர் இறக்கி நிற்கும் அலையாத்திச் செடிகள், கொக்குகள். ஆறு கடலைத் தொடும் இடத்தில் நீண்டு கிடக்கும் மணல் திட்டுதான் பாரடைஸ் பீச்.

லைஃப் ஜாக்கெட்டை இறுக்கிக்கொண்டே அக்கா கேட்டார்: "முதல்ல சொல்லு. உனக்கு பிஎச்.டி எதுக்கு?"

"காலேஜ்ல பாடம் எடுக்கணும்க்கா. சும்மா ரெண்டு வருஷம் இல்ல, நிலையா."

"அப்போ நீ பாக்க வேண்டியது சேருற நாள் இல்ல. முடிச்சு வெளிய வர்ற நாள்."

அன்றைய பேச்சு முழுக்க இந்த ஒரு வரியைச் சுற்றியே ஓடியது.

பட்டம் ஒன்று, கதவு மூன்று

நிதியியலில் பிஎச்.டி என்றால் பங்குச்சந்தையில் பணம் போடக் கற்றுக்கொடுக்கும் படிப்பு என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது அல்ல. பங்கு விலை ஏன் ஏறி இறங்குகிறது, ஒரு கம்பெனி கடன் வாங்குகிறதா பங்கு வெளியிடுகிறதா, வங்கி யாருக்குக் கடன் மறுக்கிறது என்பதையெல்லாம் தரவுகளை வைத்து ஆராய்வது. ஒரு உதாரணம், நரசிம்மன் ஜெகதீஷ். இவரும் ஷெரிடன் டிட்மனும் 1993-ல் 'ஜர்னல் ஆஃப் ஃபைனான்ஸ்' இதழில் எழுதிய கட்டுரை, கடந்த சில மாதங்களில் ஏறிய பங்குகள் அடுத்த சில மாதங்களுக்கும் ஏறுமுகமாகவே இருக்கும் போக்கைக் காட்டியது. 'மொமென்டம்' என்று இன்று முதலீட்டு உலகம் புழங்கும் சொல்லுக்குப் பின்னால் இந்தக் கட்டுரை இருக்கிறது.

இந்தியாவில் இருந்தபடி இந்தப் படிப்புக்குள் நுழைய மூன்று கதவுகள் இருப்பதாக அக்கா விரல் விட்டுச் சொன்னார்.

முதல் கதவு, பல்கலைக்கழகங்களின் வணிகவியல், மேலாண்மைத் துறைகள். இவை யுஜிசி-யின் 2022-ம் ஆண்டு பிஎச்.டி விதிமுறைகளுக்குக் கட்டுப்பட்டவை. குறைந்தது 3 வருடம், அதிகபட்சம் 6 வருடம். பெண்களுக்கும், 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் கூடுதலாக 2 வருடச் சலுகை. மகப்பேறு, குழந்தை பராமரிப்புக்கு 240 நாள் வரை விடுப்பு உண்டு. 2024 ஜூன் முதல் நெட் தேர்வு மதிப்பெண்ணே பிஎச்.டி சேர்க்கைக்கும் பயன்படுகிறது. அந்தவகையில் சேர்பவர்களுக்கு நெட் மதிப்பெண்ணுக்கு 70 சதவீதமும், நேர்முகத்துக்கு 30 சதவீதமும் கணக்கு.

இரண்டாவது கதவு, ஐஐஎம், ஐஐடி போன்ற நிறுவனங்கள். ஐஐஎம்-களில் முன்பு 'ஃபெலோ' என்று பட்டயம்தான் கொடுத்தார்கள். 2017-ல் நிறைவேறிய ஐஐஎம் சட்டத்துக்குப் பிறகு பிஎச்.டி பட்டமாகவே தருகிறார்கள். தமிழ்நாட்டுக்குள்ளேயே திருச்சி ஐஐஎம் இருக்கிறது. ஐஐடி மெட்ராஸில் மேலாண்மைத் துறை இருக்கிறது. இங்கே முதல் இரண்டு வருடம் கடுமையான வகுப்புகள். நுண்பொருளியல், எகனாமெட்ரிக்ஸ், கார்ப்பரேட் ஃபைனான்ஸ் எல்லாம் படித்து, தகுதித் தேர்வு எழுதித் தேறிய பிறகுதான் ஆராய்ச்சி.

மூன்றாவது கதவு, வெளிநாடு. அமெரிக்காவின் நல்ல பல்கலைக்கழகங்களில் நிதியியல் பிஎச்.டி-க்குப் பெரும்பாலும் கட்டணம் கிடையாது. அவர்களே மாதாமாதம் உதவித்தொகை தருவார்கள். 5 வருடம், சில சமயம் 6. ஒரு துறையில் வருடத்துக்கு ஒருசிலரைத்தான் எடுப்பார்கள். கடைசி வருடத்தில் மாணவர் எழுதும் ஒரே ஒரு கட்டுரைதான் அவர் தலையெழுத்து. அதற்கு 'ஜாப் மார்க்கெட் பேப்பர்' என்றே பெயர். அதைக் கையில் வைத்துக்கொண்டு உலகம் முழுக்க விண்ணப்பிப்பார்கள்.

"ரகுராம் ராஜன் இருக்கார்ல... அகமதாபாத் ஐஐஎம் முடிச்சது 1987-ல. எம்.ஐ.டி-ல பிஎச்.டி வாங்குனது 1991-ல. வங்கிகளைப் பத்திதான் ஆராய்ச்சி. அப்புறம் சிகாகோ பல்கலைக்கழகத்துல வாத்தியார். ரிசர்வ் வங்கி கவர்னர் எல்லாம் அதுக்கப்புறம் வந்தது" என்றார் அக்கா.

"அவர் எங்க, நான் எங்கக்கா..."

"அவர மாதிரி ஆகச் சொல்லல. எந்தக் கதவு எந்த வேலைக்குப் போகுதுன்னு பாக்கச் சொல்றேன்."

வழுக்கும் இடம் எது?

படகு மணல் திட்டில் ஒதுங்கியது. பாரடைஸ் பீச்சில் கடல் பார்க்க அழகு, இறங்கினால் ஆபத்து. ஆறும் கடலும் சேரும் இடத்தில் நீரோட்டம் இழுக்கும். மூங்கில் குடிலின் நிழலில் உட்கார்ந்து அக்கா தன் கதையைச் சொன்னார்.

அவர் பிஎச்.டி-க்குச் சேர்ந்தபோது கேட்டது ஒரே ஒரு கேள்வி: 'எப்போ சேரலாம்?' சேர்ந்த இரண்டாவது வருடத்தில் நெறியாளர் ஓய்வுபெற்றார். புதிய நெறியாளருக்குத் துறை வேறு. தலைப்பை மாற்றச் சொன்னார். கம்பெனிகளின் நிதித் தரவுகள் அடங்கிய புரோவெஸ் போன்ற தரவுத்தளத்துக்கு அந்த நூலகம் சந்தா கட்டவில்லை. தோழியின் கல்லூரிக்கு பஸ் பிடித்துப் போய் தரவு எடுத்தார். முடிக்க 6 வருடம் ஆனது. முடித்த பிறகு ஒரு வருடம் கௌரவ விரிவுரையாளர். அதன்பிறகுதான் இப்போதைய வேலை.

"வழிகாட்டி ஓய்வு பெறப்போறாருன்னு அந்த ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியாது. நான் கேக்கல, அவங்களும் சொல்லல."

இன்றைய விதிமுறையில் இதற்கு ஒரு தடுப்பு இருக்கிறது. ஓய்வுபெற 3 வருடத்துக்கும் குறைவாக இருக்கும் ஆசிரியர், புதிய மாணவரை எடுக்கக் கூடாது. ஒரே நேரத்தில் பேராசிரியர் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும்தான் வழிகாட்டலாம். 'இப்போது உங்களிடம் எத்தனை பேர் இருக்கிறார்கள்?' என்று மாணவர் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

இதைவிடப் பெரிய பள்ளங்களும் உண்டு. தொலைநிலைக் கல்வியில் பிஎச்.டி செல்லாது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து 'ஆன்லைன் பிஎச்.டி' தருவதாக விளம்பரம் செய்யும் எட்-டெக் நிறுவனங்களை நம்ப வேண்டாம் என்று யுஜிசி-யும் ஏஐசிடிஇ-யும் 2022-லேயே எச்சரித்தன. 2025 ஜனவரியில், விதிகளைப் பின்பற்றாததற்காக ராஜஸ்தானின் 3 தனியார் பல்கலைக்கழகங்கள் 5 வருடத்துக்கு பிஎச்.டி மாணவர்களைச் சேர்க்கக் கூடாது என்று யுஜிசி தடைபோட்டது. நடுவில் மாட்டிக்கொள்வது மாணவர்கள்தான்.

காசு வாங்கிக்கொண்டு கட்டுரை வெளியிடும் போலி ஆய்விதழ்கள் இன்னொரு பள்ளம். 2022 விதிமுறைகள்படி, பட்டம் வாங்க ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால், வேலைக்கு நேர்முகம் போகும்போது முதலில் பார்ப்பது கட்டுரையைத்தான். போலி இதழில் வந்த பத்துக் கட்டுரைகள், நல்ல இதழில் வந்த ஒன்றுக்கு ஈடாகாது. விஷயம் தெரிந்த தேர்வுக்குழு முன்பு அவை பாரமாகவும் ஆகிவிடும்.

வேலைக் கணக்கு

தங்கை ஃபைலைப் பிரித்தார். "இவங்க 3 வருஷத்துல முடிச்சுத் தர்றோம்னு சொல்றாங்கக்கா."

"முடிச்சுத் தர்றதுக்கு அது என்ன வீடா? சரி, முடிச்சவங்க இப்போ எங்க வேலை பாக்குறாங்கன்னு கேட்டியா?"

தங்கையிடம் பதில் இல்லை.

வெளிநாடுகளில் நல்ல நிதியியல் துறைகள் தங்கள் இணையதளத்திலேயே வருடவாரியாகப் பட்டியல் போட்டுவிடுகின்றன: இந்த வருடம் முடித்தவர்கள் எந்தெந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்கள் என்று. ஐஐஎம்-களிலும் முன்னாள் ஆராய்ச்சி மாணவர்களின் விவரத்தைத் தேடி எடுக்க முடியும். அந்தப் பட்டியலையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது. முடித்தவர்கள் மட்டுமே அதில் இருப்பார்கள்; பாதியில் விட்டவர்கள் இருக்க மாட்டார்கள். 10 பேர் சேர்ந்து 4 பேர் முடித்து, அந்த 4 பேருக்கும் வேலை கிடைத்தால், '100 சதவீத வேலைவாய்ப்பு' என்று எழுதிவிடலாம்.

வேலை என்பதும் ஒரே வகை இல்லை. பல்கலைக்கழகம், கல்லூரிகளில் யுஜிசி ஊதிய விகிதத்தில் சேரும் உதவிப் பேராசிரியருக்கு அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாயில் தொடங்குகிறது. ஐஐடி-யில் முதல்நிலை உதவிப் பேராசிரியருக்கு அது 1,01,500 ரூபாய். ஆனால், இரண்டுக்குமான நுழைவு வேறு.

2023 ஜூலை முதல் உதவிப் பேராசிரியர் பணிக்கு நெட், செட் அல்லது ஸ்லெட் தேர்ச்சியே குறைந்தபட்சத் தகுதி; பிஎச்.டி கட்டாயம் இல்லை என்று யுஜிசி அறிவித்தது. 'அப்புறம் எதற்கு பிஎச்.டி?' என்று கேட்கலாம். பல்கலைக்கழகங்களில் நேர்முகத்துக்கு ஆள் வடிகட்ட 2018 விதிமுறைகளில் ஒரு மதிப்பெண் பட்டியல் இருக்கிறது. அதில் பிஎச்.டி-க்கு 30 மதிப்பெண். ஜேஆர்எஃப்-உடன் நெட் என்றால் 7, நெட் மட்டும் என்றால் 5. பட்டம் இல்லாமல் விண்ணப்பிக்கலாம். அழைப்பு வருவதுதான் கஷ்டம்.

ஐஐஎம், ஐஐடி-கள் பார்ப்பது வேறு: ஆய்வுக் கட்டுரையின் தரம், படித்த இடம், இளங்கலையிலிருந்தே முதல் வகுப்பு. வெளிநாட்டில் முடித்துவிட்டு இங்கே வருபவர்களுக்கும் ஒரு விதி உண்டு. உலகத் தரவரிசையில் முதல் 500-க்குள் வரும் பல்கலைக்கழகத்தின் பிஎச்.டி என்றால், நெட் இல்லாமலே உதவிப் பேராசிரியருக்கு விண்ணப்பிக்கலாம்.

"எந்த இடத்துல வேலை பாக்க ஆசைப்படுறியோ, அந்த இடத்துல இப்போ வேலை பாக்குறவங்க எங்க படிச்சாங்கன்னு பாரு. அவங்க வெப்சைட்லயே போட்டிருப்பாங்க. அது போதும், யாரும் உனக்கு ஜோசியம் சொல்ல வேண்டாம்" என்றார் அக்கா.

தலைப்பு வீட்டு வாசலில்

திரும்பும் படகில் கூட்டம் குறைவு. இதே சங்கராபரணியின் மற்றொரு கிளையான அரியாங்குப்பம் ஆற்றின் கரையில்தான் அரிக்கமேடு. 1945-ல் மார்டிமர் வீலர் தோண்டியபோது ரோமானிய மதுச் சாடிகளின் துண்டுகளும், இத்தாலியப் பாணிப் பானை ஓடுகளும் கிடைத்தன. பாசிமணி செய்து கடல்தாண்டி விற்ற ஊர் அது. அந்தக் காலத்துக் கடல் வணிகத்துக்குக் கடன் எப்படி ஓடியது என்பதற்குக்கூட ஒரு சாட்சி இருக்கிறது. கேரளக் கரையின் முசிறிக்குப் போய்வந்த சரக்கு தொடர்பாக 2-ம் நூற்றாண்டில் எழுதப்பட்ட கடன் ஒப்பந்தம் ஒன்று, பாப்பிரஸ் தாளில், வியன்னாவில் பத்திரமாக இருக்கிறது.

அவ்வளவு பின்னால் போகவும் வேண்டாம். பிரெஞ்சு ஆட்சியில் புதுச்சேரியில் புழங்கிய ரூபாய் நோட்டுகளை அச்சடித்து வெளியிட்டது, 1875-ல் தொடங்கப்பட்ட இந்தோசீன வங்கி என்ற பிரெஞ்சு வங்கி. நகரத்தில் அது இயங்கிய கட்டடத்தில் இன்று ஒரு இந்திய வங்கி நடக்கிறது. ஒரே நிலப்பரப்பில் இரண்டு நாணயங்கள் புழங்கிய ஊர் இது.

"நேர்முகத்துல தலைப்பு என்னன்னு கேப்பாங்க. எல்லாரும் சொல்ற மாதிரி 'முதலீட்டாளர் மனப்பான்மை - ஒரு ஆய்வு'ன்னு சொல்லிட்டு வராதே. உங்க ஊரையே பாரு."

தங்கை யோசித்துவிட்டுச் சொன்னார். "தடைக்காலம்?"

கிழக்குக் கடற்கரையில் ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் மீன்பிடித் தடைக்காலம். அந்த நாள்களில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. வரவு நிற்கும்; செலவு நிற்காது. வலை பழுது, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் எல்லாம் அப்போதுதான் வரும். வங்கிக் கடனா, மகளிர் குழுவா, சீட்டா, இல்லை மீன் வியாபாரியிடம் முன்பணமா? முன்பணம் வாங்கினால் மீனை அவருக்கே, அவர் சொல்லும் விலைக்கே தர வேண்டிய நிலை வரலாம். அது வட்டி என்று பெயர் இல்லாத வட்டி. நோணாங்குப்பத்தைச் சுற்றியுள்ள மீனவ ஊர்களில் இது தினசரிப் பேச்சு. நிதியியல் பாடப்புத்தகத்தின் மொழியில் அது கடன் ஒப்பந்தம், பணப்புழக்கம், இடர்.

"இதுக்குத் தரவு யார்கிட்ட இருக்கு, இதைப் பத்தி ஏற்கெனவே எழுதுன வாத்தியார் எங்க இருக்கார்னு தேடு. அவர் இருக்குற இடம்தான் உன் இடம்" என்றார் அக்கா. படகு துறையைத் தொட்டது.

அப்பாவின் பேரேடு

அன்று இரவு வீட்டில் அப்பாதான் பேச்சை ஆரம்பித்தார். அவருடைய கேள்வி பழையது: "கணக்கு எழுதுறதுக்கு எதுக்கும்மா டாக்டர் பட்டம்?" ஆனால், அன்று அவர் கையில் கடைப் பேரேடு மாதிரியே ஒரு நோட்டு இருந்தது. புதன்கிழமை கட்ட வேண்டிய பணத்துக்காக அம்மா சீட்டு எடுத்து வைத்திருந்தார். அந்தத் தொகை ஒரு மஞ்சள் கவரில் சாமி படத்துக்குப் பின்னால் இருந்தது.

"சரி, ரெண்டு பக்கமும் எழுதுவோம்" என்று நடுவில் கோடு போட்டார்.

இடப்பக்கம், கையில் இருக்கும் கடிதம். வருடக் கட்டணம் ஏறக்குறைய 1 லட்சம். உதவித்தொகை இல்லை. 4 வருடம் என்று வைத்தால் 4 லட்சம் செலவு. போக்குவரத்து, தரவு, மாநாடு எல்லாம் தனி.

வலப்பக்கம், ஜேஆர்எஃப். 2023 ஜனவரி முதல் முதல் 2 வருடத்துக்கு மாதம் 37,000 ரூபாய். அடுத்த 3 வருடத்துக்கு மாதம் 42,000 ரூபாய். அப்பா வாய்விட்டுப் பெருக்கினார். 24 மாதத்துக்கு 8,88,000. 36 மாதத்துக்கு 15,12,000. கூட்டினால் சரியாக 24 லட்சம். வீட்டு வாடகைப்படி தனி.

வீட்டில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

"ஆனா அது கிடைக்கணுமே" என்றார் அம்மா.

அதுதான் உண்மை. நெட் தேர்வை இரண்டு தாளும் எழுதுபவர்களில் 6 சதவீதம் பேர் மட்டுமே உதவிப் பேராசிரியர் தகுதி பெறுகிறார்கள். ஜேஆர்எஃப் அதிலும் ஒரு சிறு பகுதிக்கு. தங்கை ஏற்கெனவே ஒருமுறை எழுதி, கொஞ்சத்தில் தவறவிட்டவர். தேர்வு வருடத்துக்கு இரண்டு முறை நடக்கிறது. 3 மணி நேரத்தில் 150 கேள்விகள், 300 மதிப்பெண், தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. ஜேஆர்எஃப்-க்கு வயது வரம்பு 30 என்றாலும் பெண்களுக்கு 5 வருடச் சலுகை உண்டு. தங்கைக்கு இப்போது 23.

கிடைக்காவிட்டால்? மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் உதவித்தொகை இல்லாத முழுநேர ஆராய்ச்சி மாணவர்களுக்கு மாதம் 8,000 ரூபாய் தரும் திட்டம் இருக்கிறது. ஐஐஎம்-கள் தாங்கள் தேர்ந்தெடுக்கும் மாணவர்களுக்குத் தாங்களே உதவித்தொகை தருகின்றன. கேட், ஜிமேட், ஜிஆர்இ போன்ற தேர்வு மதிப்பெண்களைக் கேட்கின்றன. வேலை பார்த்துக்கொண்டே, நிறுவனத்தின் தடையில்லாச் சான்றோடு பகுதிநேரமாகச் சேரவும் விதி இடம் தருகிறது. ஆக, ஒரு வருடம் காத்திருப்பது வெறுங்கையோடு காத்திருப்பது இல்லை.

"ஒரு வருஷம் போனா..." என்று அம்மா இழுத்தார். அந்த வாக்கியத்தின் மீதி எல்லோருக்கும் தெரியும். வரன் பார்க்கும் பேச்சு ஏற்கெனவே ஒருமுறை வந்துபோயிருந்தது.

அப்பா நோட்டை மூடவில்லை. "கடைல ஒரு பார்ட்டி புதுசா வந்தா, பழைய பாக்கி விவரம் கேக்காம சரக்கு அனுப்ப மாட்டோம். நீ 4 வருஷத்தை அனுப்பப் போற. விவரம் கேளு."

புதன்கிழமை

திங்கள் காலை தங்கை அந்தப் பல்கலைக்கழக அலுவலகத்துக்கு போன் செய்தார். கையில் ஐந்து கேள்விகள். கடந்த 5 வருடத்தில் நிதியியலில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள்? முடித்தவர்கள் எங்கே வேலை பார்க்கிறார்கள்? நெறியாளர் யார், அவரிடம் இப்போது எத்தனை பேர்? நூலகத்தில் எந்தத் தரவுத்தளம் இருக்கிறது? கட்டணத்தில் சலுகையோ உதவித்தொகையோ உண்டா?

மறுமுனையில் இருந்தவர் இனிமையாகத்தான் பேசினார். சேர்ந்த பிறகு எல்லாம் சொல்வார்கள் என்றார். ஐந்து கேள்விக்கும் விடை இல்லை. கேட்காத ஒரு கேள்விக்கு மட்டும் தெளிவான விடை வந்தது: புதன்கிழமை மாலை 4 மணிக்குள் பணம் கட்ட வேண்டும்.

புதன்கிழமை மாலை 4 மணி வந்தது, போனது. மஞ்சள் கவர் சாமி படத்துக்குப் பின்னாலேயே இருந்தது. அம்மா அன்று கடையில் பஜ்ஜி மாவைக் கொஞ்சம் கோபமாகத்தான் கலக்கினார்.

வியாழக்கிழமை காலை நோணாங்குப்பம் நிறுத்தத்தில் அப்பாவும் மகளும் பஸ்ஸுக்கு நின்றார்கள். அப்பா கடைக்கு அரை நாள் லீவு சொல்லியிருந்தார். அவர்கள் போவது காலாப்பட்டுக்கு. 1985-ல் நாடாளுமன்றச் சட்டத்தால் உருவான புதுவைப் பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கிறது. வணிகவியல், மேலாண்மை, வங்கித் தொழில்நுட்பம் என்று நிதியைத் தொடும் துறைகள் அங்கே உண்டு. தெற்கிலிருந்து வடக்கே ஏறக்குறைய 20 கி.மீ. நகரத்தில் பஸ் மாறி, முத்தியால்பேட்டை தாண்டினால் கோட்டக்குப்பத்தில் தமிழ்நாடு வந்துவிடும். கொஞ்ச தூரத்தில் மறுபடியும் புதுச்சேரி. புதிதாக வருபவர்களுக்குத்தான் இது குழப்பம்.

அங்கே ஆராய்ச்சி செய்யும், தெரிந்தவருக்குத் தெரிந்த ஒரு மாணவியைச் சந்திக்க நேரம் வாங்கியிருந்தார் தங்கை. அதே ஐந்து கேள்விகள். அங்கேயும் விடை சரியாக வராவிட்டால், அடுத்தது திருச்சிக்கு எழுதுவதாகத் திட்டம்.

பஸ் வந்தது. ஜன்னல் சீட்டில் மகளை உட்கார வைத்துவிட்டு அப்பா தன் பையைத் திறந்து பார்த்துக்கொண்டார். சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில், நடுவில் கோடு போட்ட அந்த நோட்டு.

"அதை எதுக்குப்பா எடுத்துட்டு வந்தீங்க?"

"வலப்பக்கம் இன்னும் எழுத வேண்டியிருக்கும்மா" என்றார் அப்பா.

---

சேரும் முன் கேட்டுவிடுங்கள்!

* கடந்த 5 வருடத்தில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், முடித்தவர்கள் எத்தனை பேர், சராசரியாக எத்தனை வருடம் ஆனது?
* முடித்தவர்கள் இப்போது எங்கே, எந்தப் பதவியில் இருக்கிறார்கள்?
* நெறியாளர் கடந்த சில வருடங்களில் எந்த இதழ்களில் எழுதியிருக்கிறார்? ஓய்வுக்கு எத்தனை வருடம் இருக்கிறது?
* எகனாமெட்ரிக்ஸ், நுண்பொருளியல் வகுப்புகள் உண்டா, பெயருக்கு மட்டும்தானா?
* எந்தத் தரவுத்தளங்களுக்குச் சந்தா இருக்கிறது?
* உதவித்தொகை எத்தனை வருடத்துக்கு? அது நின்ற பிறகு என்ன ஏற்பாடு?
* இப்போது படிக்கும் இரண்டு மாணவர்களிடமாவது தனியாகப் பேச முடியுமா?

நோணாங்குப்பம் போவது எப்படி?

புதுச்சேரி பஸ் நிலையத்திலிருந்து கடலூர் செல்லும் பஸ்களில் ஏறி, சுண்ணாம்பாறு படகுக் குழாம் என்று கேட்டு இறங்கலாம். விடுமுறை நாள்களில் கூட்டம் அதிகம் என்பதால் காலையிலேயே போய்விடுவது நல்லது. பாரடைஸ் பீச்சில் நிழல் குறைவு. தொப்பியும் குடிநீரும் அவசியம். கடலில் இறங்குவதைத் தவிருங்கள். திரும்பும் கடைசிப் படகின் நேரத்தை ஏறும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.